சுற்றிலும் மலை... தேனிக்காரர் நடக்கப் பாதை எங்கே?

தேனி நகரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் மூன்று பக்கம் மலை தெரியும். வடக்கே பழனி மலைத்தொடர், மேற்கே கேரள எல்லை மலைகள், தெற்கே மேகமலை. ஆனால் "ஞாயித்துக்கிழமை காலையில ஏறி, சாயங்காலம் வீடு திரும்புற மாதிரி ஒரு பாதை சொல்லுங்க" என்று உள்ளூரில் நாலு பேரிடம் கேட்டால், "பேசாம மூணாறு போயிட்டு வாங்க" என்றுதான் பதில் வரும். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கே அந்த மலையில் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது என்று தெரியவில்லை.

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. உயிர் சம்பந்தப்பட்டது.

குரங்கணி சொன்ன பாடம்

2018 மார்ச் 11. போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில் நடந்து கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள்.

மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். தீ சமதளத்தில் பரவுவதைவிட மேட்டை நோக்கி மிக வேகமாக ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் பொதுவான கணக்கு. மனிதன் மேட்டில் ஓடினால் வேகம் குறையும்; தீயின் வேகம் கூடும். அந்த ஓட்டத்தில் மனிதன் ஜெயிக்க முடியாது. உள்ளூர் முதுவர் குடிகளில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. இணையத்தில் படம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு யார் சொல்வது?

அதற்கப்புறம் என்ன மாறியது?

அதே ஆண்டில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். தேனி மாவட்டத்தில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். வழிகாட்டி வேலை மலைக்கிராம இளைஞர்களுக்கு வருமானம் தருகிறது.

நல்ல திட்டம்தான். ஆனால் அது யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். முன்பதிவு, அடையாள அட்டை, பாதையைப் பொறுத்து சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் வரை கட்டணம். சென்னையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு இது பொருந்தும். பெரியகுளத்தில் கடை வைத்திருப்பவர், கல்லூரியில் படிக்கும் பையன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப நினைக்கும் அம்மா, இவர்கள் வாரக்கடைசியில் நடக்க அது வழியாகாது. அவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்று, போகவே மாட்டார்கள். இல்லையென்றால், "யாரும் கேக்க மாட்டாங்க, வா" என்று கிளம்பி விடுவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

'நல்ல பாதை' என்றால் எது?

உயரமான சிகரம்தான் நல்ல பாதை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு நாள் நடைக்கு நல்ல பாதை என்பது, இருட்டுவதற்குள் நிச்சயமாகத் திரும்ப முடிகிற பாதை.

இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். 600 மீட்டர் உயரம் ஏற இன்னொரு மணி நேரம். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். அதற்கு மட்டுமே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் பழகிய காலுக்கு. மேலே போய்ச் சேர்ந்து "பஸ்ஸுல எறங்கிக்கலாம்" என்றால், மூணாறு சுற்றித்தான் வரணும்.

ஆனால் அந்தப் பாதைக்கு ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கீழே இறங்கி, கொட்டகுடி வழியாகப் போடிக்கு வந்தது. 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயரே அந்தக் கம்பிவடத்தின் மேல் நிலையம் என்பதால் வந்தது. நடுவில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்று ஒரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. மேலே ஓடிய ரயில்பாதையை 1924 பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அனுமதியோடு, வழிகாட்டியோடு பாதி தூரம் போய்த் திரும்பினாலே போதும்; கண்ணுக்கும் காலுக்கும் நிறைவாக இருக்கும்.

வடக்கே கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் பாதையும் அப்படித்தான். மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போனவர்கள் இந்தப் பக்கமாகத்தான் ஏறினார்கள். செங்குத்தான ஏற்றம், புதியவர் தனியாகப் போகும் பாதை இல்லை. மேகமலை வேறு கதை. 2021 முதல் அது புலிகள் காப்பகம். சாலையை விட்டு இறங்கி நடப்பது சட்டப்படியும் தவறு, யானைக் கூட்டத்தின் முன்னாலும் தவறு.

குடும்பத்தோடு தொடங்க நினைப்பவருக்கு, தேனி - பெரியகுளம் சாலையில் கைலாசபட்டி கைலாசநாதர் மலைக்கோவில் போதும். சின்ன மலைதான். ஆனால் தன் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று, இந்த இடம் யாருடையது? காப்புக்காடா, எஸ்டேட்டா, ஊர்ப் பாதையா? காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் சரியான வழி.

இரண்டு, இது எந்த மாதம்? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீ பயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேலே பெய்த மழைக்குக் கும்பக்கரையில் திடீரென்று வெள்ளம் வரும். மழை ஓய்ந்த ஜனவரிதான் புதியவருக்கு ஏற்றது.

மூன்று, திரும்பும் நேரம் என்ன? மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மேற்கே மலை இருப்பதால் பள்ளத்தாக்கில் சீக்கிரமே வெயில் இறங்கிவிடும். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகணும்.

அரசு செய்ய வேண்டியது

இந்த மூன்றுக்கும் பதில் வனத்துறையிடம் இருக்கிறது. அது மக்களிடம் வந்து சேரவில்லை. பெரிய செலவு எதுவும் தேவையில்லை. தேனி, போடி, பெரியகுளம், கம்பம் பேருந்து நிலையங்களில் ஒரு பலகை: இந்த மாதம் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும். மாவட்டத்துக்காரருக்கு மாதம் ஒரு ஞாயிறாவது குறைந்த கட்டணத்தில், முதுவர், பளியர் வழிகாட்டிகளோடு இரண்டு மூன்று மணி நேர நடை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம்.

கூட்டம் சேர்ந்தால் குப்பை சேரும், காடு கெடும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் எண்ணிக்கை வரம்பும் வழிகாட்டியும். பாதையே தெரியாமல் மறைத்து வைத்தால் காடு தப்பிவிடும் என்பது நடக்காத காரியம். தெரியாமல் போகிறவன்தான் தீ மூட்டுகிறான், வழி தவறுகிறான்.

குரங்கணிக்குப் பிறகு விதி வந்தது, இணையதளம் வந்தது. அந்த மலையை ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருக்கும் ஊர்க்காரருக்கு ஒரு அறிவிப்புப் பலகை இன்னும் பாக்கி இருக்கிறது.