சங்கராபரணம் ஹரிகாம்போதி ஆன கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கூடத்தில் என் பெண் கீபோர்டில் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் காபிக்குப் பால் வைத்திருந்தேன். என் மாமியார் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெண் ஒரே வரியை நாலாவது தடவையாக வாசித்தபோது அவர் கை நின்றது.

"ஏண்டி குழந்தே, சங்கராபரணமா ஆரம்பிச்சு, நிஷாதத்துக்கு வரச்சே ஹரிகாம்போதியிலே விழறதே!"

"பாட்டி, இது இங்கிலீஷ் பாட்டு. புஸ்தகத்திலே இருக்கிறபடிதான் வாசிக்கிறேன்!" என்றாள் அவள். குரல் கம்மிவிட்டது.

பாவம், அவளுக்கும் தாங்கவில்லை. அந்த வரியைச் சுற்றி டீச்சர் மூன்று வாரமாகச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பரீட்சை. "எனக்கு வராதும்மா, நிறுத்திடறேன்" என்று முதல் நாள் ராத்திரிதான் சொல்லியிருந்தாள். நானும் முக்கால்வாசி சம்மதித்துவிட்டேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். ஐந்து கோடுகளின் ஆரம்பத்தில், எல்லா ஸ்வரங்களுக்கும் முன்னால், எஃப் என்ற ஸ்வரத்தின் கோட்டின்மேல் ஒரு சின்னக் குறி. இரண்டு நெட்டுக் கோடுகள், அவற்றை வெட்டும் இரண்டு சாய்ந்த கோடுகள். அதுதான் ஷார்ப். குழந்தை ஒவ்வொரு ஸ்வரத்தையும் பார்த்தாள். வாசலில் நிற்கும் இந்தக் குறியைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி!

உங்களில் பலர் வீட்டிலும் இந்தத் தகராறு இருக்கும். ஆகையால் நம் பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

ஹார்மோனியத்தில் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்கிறோமே, அந்த வெள்ளைக் கட்டைகள்தான் இங்கிலீஷில் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. "ஒண்ணரைக் கட்டை" என்பது சி-க்கும் டி-க்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை. அதற்கென்று அங்கே தனிப் பெயர் இல்லை. சி-யை அரை ஏற்றினால் சி ஷார்ப். டி-யை அரை இறக்கினால் டி ஃப்ளாட். கட்டை ஒன்று, பெயர் இரண்டு. ஆனால் ஷார்ப் என்றாலே கறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை ஏது? அதனால் ஈ ஷார்ப் என்று எழுதியிருந்தால் எஃப்-ஐத்தான் அழுத்த வேண்டும்.

என் பெண்ணின் பாட்டு ஜி-யில் தொடங்குவது. அதாவது ஸட்ஜம் ஐந்து கட்டை. சங்கராபரணத்துக்குக் காகலி நிஷாதம் வேண்டும். அது நாலரைக் கட்டையில், எஃப் ஷார்ப்பில் இருக்கிறது. அவள் அழுத்தியதோ வெறும் எஃப். அது கைசிகி நிஷாதம் ஆயிற்று, பாட்டு ஹரிகாம்போதி ஆயிற்று! இதேபோல் எஃப்-இல் தொடங்கும் பாட்டில் பி ஃப்ளாட்டை மறந்தால், மத்யமம் ஏறிக் கல்யாணி ஆகிவிடும்.

"ஒரே கட்டைக்கு எதுக்கம்மா ரெண்டு பேர்?" என்று கேட்டாள் பெண். நான் விழித்தேன். பதில் சொன்னவர் மாமியார்.

"வீணையிலே இல்லையோ? ஒரே மெட்டு, கனகாங்கியிலே சுத்த காந்தாரம், சங்கராபரணத்திலே சதுச்ருதி ரிஷபம். ரியும் வேணும், கவும் வேணும்னா அந்தந்த ராகத்துக்குத் தகுந்த பேரைத்தானே வைக்கணும்?"

அங்கேயும் அதே நியாயம்தான். எஃப்-இல் தொடங்கும் பாட்டில் ஏ ஏற்கெனவே இருக்கிறது. ஆறரைக் கட்டையையும் ஏ ஷார்ப் என்றால் ஏ இரண்டு தடவை வரும். பி காணாமல் போகும். அதனால்தான் பி ஃப்ளாட் என்கிறார்கள்.

ஃப்ளாட்டின் குறி, வயிறு பெருத்த சின்ன பி எழுத்து மாதிரி இருக்கும். அது உண்மையாகவே பி எழுத்துத்தான்! பழைய ஐரோப்பிய தேவாலய சங்கீதத்தில் பி ஒன்றுக்குத்தான் இரண்டு ஸ்தானம் எழுதினார்கள். இறங்கிய பி-க்கு உருண்டை எழுத்து, ஏறிய பி-க்குச் சதுர எழுத்து. உருண்டை ஃப்ளாட் ஆயிற்று. சதுரத்திலிருந்து நாச்சுரலும் ஷார்ப்பும் வந்தன. ஜெர்மனியில் இன்றும் பி ஃப்ளாட்டை 'பி' என்றும், வெறும் பி-யை 'ஹெச்' என்றும்தான் சொல்கிறார்கள். பாக் என்ற சங்கீத மேதை தம் பெயரின் நாலு எழுத்துக்களையே ஸ்வரமாக்கி வாசிக்க முடிந்தது அதனால்தான்.

இனி, எந்தக் குறி எத்தனை நேரம் செல்லும்? மூன்று விஷயங்களை நினைவில் வைத்தால் போதும்.

ஆரம்பத்தில் போட்டது, வேறு குறி போட்டு மாற்றும்வரை பாட்டு முழுவதற்கும், எல்லா ஸ்தாயிக்கும் செல்லும்.

நடுவில் ஒரு ஸ்வரத்தின் முன்னால் போட்டது, அடுத்து வரும் நெட்டுக் கோடு வரைக்கும், அதே இடத்திலுள்ள ஸ்வரத்துக்கு மட்டும் செல்லும். கோட்டைத் தாண்டினால் பழையபடிதான். காம்போதியில் காகலி நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறதல்லவா, அந்த மாதிரி.

மேலே ஒரு வாலும் கீழே ஒரு வாலும் உள்ள சின்னக் கட்டம் நாச்சுரல். அது ஷார்ப்போ ஃப்ளாட்டோ எது இருந்தாலும் அழித்து, வெள்ளைக் கட்டைக்கே திருப்பி அனுப்பும்.

இந்தக் குறிகள் ஸ்தானத்தைச் சொல்லுமே தவிர, நம் கமகத்தைச் சொல்லாது. அது வேறு கதை. ஆனால் குழந்தை வாசிக்க உட்காரும்போது, "வாசலில் என்ன குறி?" என்று கேட்டு, வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சங்கீதம் கேட்டுப் பழகிய காது வீட்டில் இருந்தால், பிசகு தானே தெரிந்துவிடும்.

அன்று ராத்திரி அந்த வரியை என் பெண் ஆறு தடவை வாசித்தாள். இரண்டு தடவை தவறியது. நாலு தடவை சரியாக வந்தது. நிறுத்துவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் காலையில் மாமியார் என்னைக் கூப்பிட்டார். "மூலையிலே சாத்தியிருக்கே வீணை, அதோட உறையைக் கொஞ்சம் கழட்டு. குழந்தைக்கு அந்த மெட்டைக் காட்டணும்" என்றார்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபிறகு அந்த உறையைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.