கிணற்றுள் இருப்பது தவளையன்று

அறியாமைக்கு உவமை தேடிய தமிழர் தவளையையே பிடித்துக்கொண்டனர். ஒருவனைக் கிணற்றுத் தவளை என ஏசுவோர், அத்தவளை நீரிலே வாலுடன் தோன்றி, மீனைப் போலப் பூக்களாற் சுவாசித்து, பின் வாலிழந்து, நாற்காலூன்றி நிலமேறுவதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஈருலகங் கண்ட உயிரை ஓருலகையும் செவ்வனே காணாதவர் எள்ளுவது வேடிக்கையே!

வடகீழ்ப் பருவ மழை பொழிந்ததும், சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், கற்பிட்டி எனச் செல்லும் புத்தளக் கரையோரத்தின் பள்ளங்களில் நீர் தேங்குகின்றது. வெயில் திரும்பினால் அந்நீர் நிலைக்காது. அதற்குள் வாற்பேத்தை தவளையாகிவிட வேண்டும். ஆகாவிடின் சேற்றிலே காய்ந்து மடியும். நீண்ட குடல் குறுகுகின்றது. தாடை புதிதாய் அமைகின்றது. வாலை உடலே கரைத்துக் கொள்கின்றது. இம்மாற்றத்தை ஏவுவது தைரொயிட் சுரப்பி என்பதற்கு 1912 இல் குடர்னாச் வழிகாட்டினார். அச்சுரப்பியை உணவாகப் பெற்ற வாற்பேத்தைகள் காலத்துக்கு முன்னரே உருமாறின.

உள்ளே நிகழும் இம்மாற்றத்தைக் காண்பதற்கு உடலை அறுப்பதே நெடுங்காலம் வழியாயிருந்தது. 19 ஆம் நூற்றாண்டிலே ஜேர்மானியரான குஸ்தாவ் போர்ன், மெல்லிய சீவல்களாக அறுத்த உறுப்புகளின் வடிவை மெழுகுத் தகடுகளில் வெட்டி, ஒன்றன்மேலொன்றாக அடுக்கி உருவமைத்தார். இன்று நுண் சி.ரி. கருவி பல கோணங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்த, கணினி அப்படங்களை இணைத்து முப்பரிமாண உருவாக்குகின்றது. என்பு தெளிவாகத் தெரியும். தசையும் குடலும் தெரிய அயடீன் போன்ற சாயமேற்றல் வேண்டும். கத்தி படாத அவ்வுடல் குப்பிக்கே மீளலாம். 2017 முதல் 2023 வரை அமெரிக்காவின் 18 நிறுவனங்கள் கூடி 13,000 க்கு மேற்பட்ட முள்ளந்தண்டு விலங்குகளை இவ்வாறு படமாக்கி, எவரும் காண இலவசமாக வைத்துள்ளன.

இதனைக் கேட்டதும் எழும் முதற்குரல், "இது செல்வர் நாட்டு விளையாட்டு, உப்புக் கரையில் வாழ்பவனுக்குத் தவளையின் குடல் எதற்கு?" என்பது. இக்குரலின் பணிவு பொய்ப்பணிவு. இறாற் பண்ணைகள் இக்கரையில் பெருகியதும், 1996 அளவில் வெண்புள்ளி நோய் அவற்றைத் தாக்கியதும், கைவிடப்பட்ட குளங்கள் எஞ்சியதும் யாவரும் அறிந்தவை. உவர்நீர் பரவும் நிலத்தில் முதலில் துன்புறுவது மெல்லிய தோலுடைய வாற்பேத்தையே. உவர் அதன் உடலை எவ்வாறு குலைக்கின்றது என்பதை உள்ளிருந்து காட்டவல்ல கருவியை விளையாட்டென்பது தகுமா?

இரண்டாவது குரல் இதனினும் தீது. "கருவி வரட்டும், பின்னர் பார்ப்போம்" என்பது அது. கருவி வானத்திலிருந்து வாற்பேத்தையைப் பொழிவதில்லை! உலகின் உருமாற்ற அறிவில் பெரும்பங்கு செனோபஸ் என்னும் ஆபிரிக்கத் தவளையை ஆய்வுகூடத் தொட்டிகளில் வளர்த்துப் பெற்றது. அதன் வளர்ச்சியை நியூகூப்பும் பேபரும் 1956 இல் 66 நிலைகளாக வகுத்தனர். தொட்டி நீர் வற்றுவதில்லை. வற்றும் நீரில் சில இனங்கள் விரைந்து உருமாறிச் சிறிய உடலுடன் வெளியேறுகின்றன என்பதை வட அமெரிக்கப் பாலைநிலத் தேரைகளிற் கண்டனர். புத்தளத்துக் குட்டையில் அதனைக் காண வேண்டியவர் யார்? இலங்கையின் உலர் வலயத்துச் சிறுவாய்த் தவளையின் வாற்பேத்தை கண்ணாடி போன்றது. அதன் உள்ளுறுப்பைக் காணக் கருவியும் வேண்டியதில்லை, குனிந்து பார்க்கும் கண் போதும். அக்கண்ணும் விரிவுரை மண்டபத்தைத் தாண்டுவதில்லை.

மலைநாட்டிலே காலங்கடந்துவிட்டது. இலங்கைக்கே உரிய மரத்தவளைகளுட் பத்துக்கு மேற்பட்டவை அற்றுப்போயின. பழைய அருங்காட்சியகக் குப்பிகளே அவற்றுக்குச் சான்று. குப்பியிலுள்ள முதிர்ந்த உடலை எத்தனை முறை கதிரூடு நோக்கினும், அது வளர்ந்த வழியை அது கூறாது. வளர்ச்சியை அறிய வேண்டுமாயின் ஒவ்வொரு நிலையிலும் ஒன்றாக, நாளும் இடமும் நீரின் உவரளவும் எழுதிய தொடர் வேண்டும்.

அத்தொடருக்கு வேண்டியவை உரிய அனுமதி, ஒரு வலை, சில குப்பிகள், பதப்படுத்தும் திரவம், பென்சிலால் எழுதிய சீட்டு; இவற்றுடன் மழை தொடங்கியது முதல் குட்டை வற்றும் வரை கரையிற் கால் நனைக்க உடன்படும் இருவர். இவற்றுள் எது செல்வர் நாட்டிலிருந்து வர வேண்டியது?