நுளம்பு தேடி வருபவருக்குக் கதவைத் திறங்கள்



கிணற்றையும் தொட்டியையும் எட்டிப் பார்த்து, தண்ணீரை அள்ளி நுளம்புக் குடம்பி தேடும் சுகாதார ஊழியர்களை வன்னியில் பலரும் பார்த்திருப்பீர்கள். "மலேரியாதான் ஒழிந்துவிட்டதே, இவர்களுக்கு இன்னும் என்ன வேலை?" என்று கேட்பவர்களும் உண்டு. பதிலை நம் நாட்டின் கதையே சொல்கிறது.

1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. இனிப் பயமில்லை என்று மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் காய்ச்சலில் விழுந்தார்கள். மீண்டும் பல்லாண்டு பாடுபட்ட பிறகே, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு அகப்பட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். நம் பழைய மலேரியா நுளம்பு வற்றும் ஆற்றுக் குட்டைகளில் முட்டையிடும். இதுவோ வீட்டுக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் வளரும். நோயாளி வரட்டும் என்று காத்திருந்தால் இது தெரிந்திருக்குமா? தேடியதால் தெரிந்தது.

சரி, கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதை எப்படி அறிவது? நிரப்பிய படிவங்களை எண்ணியா? இல்லை. மூன்று கேள்விகள் போதும். நேரத்துக்குத் தேடினார்களா? பூட்டிய வீட்டுக் கிணறு, பள்ளிவாசல் ஹவுழ் எதுவும் விடுபடாமல் பார்த்தார்களா? கண்ட பின் ஏதாவது செய்தார்களா?

2018 டிசம்பரில் மொனராகலைப் பகுதியில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. அது கண்டுபிடிக்கப்பட்டு, மேலும் பரவாமல் தடுக்கப்பட்டது. கண்காணிப்பின் பயன் அதுதான்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது சகோதரிகளே! வீட்டில் ஆண்கள் இல்லையென்று ஊழியரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வசதியான நேரத்தைச் சொல்லி வரச் சொல்லுங்கள். தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, நுளம்பு புகாமல் மூடி வையுங்கள். கிணற்றில் குடம்பி தின்னும் மீன் விட்டிருந்தால் அதை அகற்றாதீர்கள். இந்தியா போய் வந்தவருக்கோ, மாணிக்க வியாபாரத்துக்கு மடகஸ்கார் போய் வந்தவருக்கோ காய்ச்சல் கண்டால், போன இடத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

ஊழியர் புறப்படும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: "என்ன கண்டீர்கள்? இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" வீட்டுக்கு வீடு இப்படிக் கேட்டால், வேலையும் ஒழுங்காக நடக்கும். கேட்பீர்கள்தானே?