முக்காலே மூணு வீசம்
பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும். 1956-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனது. ஆனால் அரை, கால், அரைக்கால் என்ற பின்னப் பெயர்கள் இரண்டு மொழிக்கும் பொதுவாகவே நின்றன. ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. அதற்கும் பாதி வீசம், பதினாறில் ஒன்று. பள்ளியில் பைனரி பின்னம் என்று சொல்லித்தருவது இதே கணக்குதான். பைனரியில் எழுத 0.8125-ஐ எடுங்கள். இரட்டித்தால் 1.625, முன்னால் நிற்கும் 1-ஐ எழுதிவிட்டு மீதியை இரட்டித்தால் 1.25, பிறகு 0.5, கடைசியில் 1. விடை 0.1101. அரை உண்டு, கால் உண்டு, அரைக்கால் இல்லை, வீசம் உண்டு. முக்காலே வீசம்! பேச்சுவழக்கில் சொல்கிறோமே முக்காலே மூணு வீசம், அது 0.1111. ஆனால் இருபதில் ஒன்றான ‘மா’ பைனரியில் முடியவே முடியாது. பத்தில் ஒன்றும் அப்படித்தான், கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராமல் போவது அதனால்தான். எல்லையோர ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைப் பாட்டியின் வாய்க்கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். கரும்பலகையில் முதலில் அரையும் காலும் அரைக்காலும் ஏறட்டும். புள்ளியும் பூஜ்யமும் அப்புறம் வரட்டும்.