தமிழ்99-தான் சரி என்பவர்களுக்கு

ஆங்கில விசையில் தமிழ் அடிக்கிறவன் தமிழைக் கெடுக்கிறான்னு நண்பர் ஒருத்தர் நேத்தும் பாடம் எடுத்தார். தமிழ்99 கத்துக்கணுமாம். நல்ல விசைப்பலகைதான், மறுக்கலை. ஆனா என் கதை வேற.

எனக்கு ஊர் பாறசாலை. 1956 நவம்பர் 1-ல விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்னுபோச்சு. வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம். களியக்காவிளையில பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் என் தமிழ்.

2005-ல குவாஹாத்தி கிளையில இருந்தப்போ இ-கலப்பையை இறக்கினேன். தன்னார்வலர்கள் இலவசமா கொடுத்தது. ஏ, எம், எம், ஏ, ஏ தட்டினா அம்மா! (கடைசி ஏ ஒண்ணு குறைஞ்சா 'அம்ம'தான் :-) )

அம்மா விளவங்கோட்டுக்காரி, தமிழ் படிச்சவ. முதல் கடிதத்தை அச்செடுத்துத் தபால்ல அனுப்பினேன். போன்ல பதில் வந்தது: "மக்களே, பாறசாலைக்கு வல்லின ற போடணும்."

தேனீ எழுத்துருவைச் செஞ்சு சும்மா கொடுத்த அதிராம்பட்டினம் உமர்தம்பி 2006-ல காலமானார். இவங்களுக்கெல்லாம் நான் பட்ட கடனை எந்தப் பேரேட்டுல எழுதறதுன்னு பி.காம்.ல சொல்லித்தரலை. தமிழ்99 வழியாத்தான் உள்ளே வரணும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வாசல்லயே திரும்பியிருப்பேன்.

நண்பரே, இதையும் ஆங்கில விசையிலதான் அடிச்சேன். ற எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க.