மூன்று நாளும் முந்நூறு ரூபாயும்

ஓணத்துக்கு முந்தின வாரம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கம்போளத்துக்குள் நுழைந்து முழுசாக வெளியே வருவதே ஒரு வித்தை. தோளில் வாழைத்தார் இடிக்கும், காலில் பூக்கூடை தட்டும். அந்த நெரிசலில் அண்ணாச்சி கடை முன்னால் நின்று ஏத்தங்காய் உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் நிறுத்து வாங்கி, 1,260 ரூபாய்க்கு மொபைலை நீட்டினேன். ரகசிய எண்ணைப் போட்டேன். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“சார், பெட்டி பேசலையே” என்றார் அண்ணாச்சி.

“இத்தனை ரூபாய் கிடைத்தது” என்று கத்தும் அந்தச் சின்னப் பெட்டிதான் இன்றைக்குக் கடைக்காரருக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற சாட்சி. சாட்சி வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் வங்கிக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. கணக்கிலிருந்து 1,260 கழிந்தது என்று அடுத்த மூச்சில் குறுஞ்செய்தி வந்துவிட்டது. பணம் என்னிடமும் இல்லை, அண்ணாச்சியிடமும் இல்லை. பின்னால் நின்றவர் “சாரே, ஒந்நு வேகம்” என்றார். திருட்டுப் பயல் மாதிரி நின்றேன். பர்ஸைத் துழாவினால் 900 ரூபாய் இருந்தது. மீதி 360-ஐ அண்ணாச்சி ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். “பைய தாங்க சார், எங்க போயிரப் போறிய?”

பணம் எங்கே போயிற்று என்பதுதானே இப்போது கேள்வி. பத்மதீர்த்தக் குளக்கரைக்கு வந்து, மேத்தன் மணிக் கடிகாரத்துக்குக் கீழே நின்று வங்கிக்குப் போன் போட்டேன். தாடிக்கார முகம் ஒன்று மணி அடிக்கும்போது வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கிடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். பிள்ளைகளுக்கு வேடிக்கை. எனக்கு அன்றைக்கு அந்த மனுஷனைப் பார்த்துப் பாவமாக இருந்தது. காதில் “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்” என்று ஒரு குரல், அதற்குப் பிறகு சங்கீதம். ஹிந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு, கார்டுக்கு மூன்று என்று அழுத்தி அழுத்தி, கடைசியில் ஒரு பையன் வந்தான். “அஞ்சு முதல் ஏழு வேலை நாள் ஆகும் சார். நடுவில் ஓணம் லீவு இருக்கு.”

என் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது. போகும்போது பணத்துக்கு லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகும், திருவோணத்தன்று போகும், ராத்திரி இரண்டு மணிக்கும் போகும். திரும்பி வரும்போது மட்டும் அதற்கு வேலை நாள் வேண்டும், லீவு வேண்டும், கையெழுத்து வேண்டும். ஒரே பணம், ஒரே கம்பி. ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ், இன்னொரு பக்கம் மாட்டு வண்டி.

எதற்கும் விதியைப் பார்ப்போம் என்று தேடினேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. யூபிஐயில் நம் கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும் இதே ஐந்து நாள், இதே நூறு ரூபாய். அந்த ஐந்து நாளும் காலண்டர் நாள். போனில் பையன் சொன்ன “வேலை நாள்” அந்தக் காகிதத்திலேயே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது: நாம் போய்க் கேட்காமலேயே அந்த நூறு ரூபாய் கணக்கில் விழ வேண்டுமாம்.

எனக்கு 1,260 திரும்பியது எட்டாம் நாள். ஐந்து போக மூன்று நாள் தாமதம். 300 ரூபாய் வர வேண்டும். வரவில்லை.

கேட்காமலேயே எடுத்துக்கொள்வது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போன தை மாதம் மாமியார் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த அலைச்சலில் கிரெடிட் கார்டு பில் மறந்துவிட்டது. பில் 6,800 ரூபாய், பிந்தியது நாலே நாள். மூன்று நாள் கடந்தால்தான் அபராதம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. நாலாம் நாள் விடிந்ததும் போட்டுவிட்டார்கள். 500 ரூபாய் அபராதம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக 590. வட்டி தனி. யாரும் எனக்குப் போன் செய்து “அஞ்சு முதல் ஏழு வேலை நாளில் அபராதம் போடப்படும் சார்” என்று சொல்லவில்லை.

நானாவது மறந்து பிந்தினேன். எங்கள் மைனி கதை வேறு. கிழக்கேகோட்டை நடைமேம்பாலத்துப் பக்கம் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்கிற பையன்கள் “லைஃப்டைம் ஃப்ரீ மேடம்” என்று கொடுத்த கார்டு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பேரப்பிள்ளைக்குச் சைக்கிள் என்று 50,000 ரூபாய்க்குத் தேய்த்துவிட்டார். மாதாமாதம் பில்லில் இரண்டு தொகை வரும். ஒன்று மொத்தம், இன்னொன்று ‘குறைந்தபட்சம்’. மைனி சிரத்தையாகக் குறைந்தபட்சத்தைக் கட்டி வந்தார். “ஒரு மாசம்கூட விட்டதில்ல தம்பி, ஆனா கடன் குறைய மாட்டேங்குதே” என்றார். சாப்பாட்டு மேஜையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம். 50,000-க்கு 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 315. கூட்டினால் 2,065. மைனி கட்டியது ஐந்து சதவீதம், 2,500. அசலில் கழிந்தது 435 ரூபாய். மைனி அந்தக் காகிதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வாஷிங் மெஷினுக்கு நான் இன்னும் ஒண்ணும் கொடுக்கலியா?” என்றார்.

இதில் உள்குத்து ஒன்று உண்டு. முழுத்தொகையையும் கட்டாவிட்டால், ‘ஐம்பது நாள் வட்டியில்லை’ என்ற சலுகையும் போய்விடும். அடுத்த வாரம் வாங்குகிற அரை லிட்டர் வெளிச்செண்ணெய்க்கும் வாங்கிய அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். கார்டைப் போட்டு ஏடிஎம்மில் காசு எடுத்தால் கேட்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்து வட்டி, எடுத்ததற்குத் தனிக் கட்டணம்.

எங்கள் ஊர்ப்பக்கம் வட்டியை மாதக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு வட்டி, இரண்டு வட்டி. ஒருவன் மூணு வட்டிக்குப் பணம் வாங்கினான் என்றால் “ஐயோ, அவன் குடி முழுகிப் போச்சே” என்பார்கள். கேரளத்தில் அப்படிக் கொடுப்பவனுக்கு ‘பிளேடு’ என்று பெயர். 2014-ல் ‘ஆபரேஷன் குபேரா’ என்று பேர் வைத்து பிளேடுகாரர்களைப் போலீஸ் வளைத்து வளைத்துப் பிடித்தது. மூன்றரை வட்டி வாங்குகிற கார்டுக்கோ குளிர்சாதன அறையும் பூங்கொத்துப் படம் போட்ட வாழ்த்துச் செய்தியும் உண்டு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்த உச்சவரம்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆக, மைனியைக் காப்பாற்ற இனி மைனிதான் உண்டு.

வாங்குபவர் பாடு இப்படியென்றால் விற்பவர் பாடும் சுகமில்லை. எங்கள் தெருவில் பேனா, நோட்டு விற்கிறவர் இரண்டு வருஷமாகக் கியூஆர் அட்டையைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். காரணம் கேட்டால் 2023 என்பார். அந்த ஆண்டு கேரளம் முழுக்க டீக்கடைக்காரரும் பழவண்டிக்காரரும் காலையில் எழுந்து பார்த்தால் கணக்கு முடங்கிக் கிடந்தது. எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவன் யாரையோ ஏமாற்றியிருப்பான். அந்தப் பணம் கைமாறிக் கைமாறி, நாலாவது கையோ ஐந்தாவது கையோ இங்கே வந்து ஸ்கேன் செய்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கும். அந்த ஊர்ப் போலீஸ் வங்கிக்கு எழுதும். வங்கி அந்த டீக்காசை மட்டுமா நிறுத்தும்? கணக்கு மொத்தத்தையும் பூட்டும். புகாரில் சொன்ன தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள், மிச்சத்தை விடுங்கள் என்று கேரள உயர்நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. பூட்ட ஒரு மின்னஞ்சல் போதும். திறக்க ஹைகோர்ட்டு வரைக்கும் போக வேண்டும்.

திருடனுக்கும் இந்த வேகம்தான் பிடித்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் இதே திருவனந்தபுரத்தில் வெள்ளயம்பலம் பக்கத்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக்காரர்கள் கருவி பொருத்தி கார்டு விவரங்களைத் திருடினார்கள். பணத்தை எடுத்தது மும்பையில். இங்கே கார்டு அவரவர் பர்ஸில் பத்திரமாக இருந்தது. இன்றைக்கு அந்தக் கருவிகூடத் தேவையில்லை. “பரிசு விழுந்திருக்கிறது, வாங்கிக்கொள்ள ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று போன் வந்தால் போதும், படித்தவர்களே போடுகிறார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைக் கேட்டால் பணம் போகப் போகிறது என்றுதான் அர்த்தம். இந்த ஒரு வரியைப் பெட்டியை விட்டுக் கத்தச் சொன்னால் எத்தனையோ குடும்பம் பிழைக்கும்.

திருவிதாங்கூர் காலத்தில் சக்கரம் என்று ஒரு நாணயம் இருந்தது. பொடி வெள்ளிக்காசு. இருபத்தெட்டரை சக்கரம் கொடுத்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். விரலில் நிற்காத அந்தக் காசை எண்ணுவதற்கென்றே குழி குழியாகச் செதுக்கிய மரப்பலகை வைத்திருந்தார்கள். காசைக் கொட்டி, பலகையை மெல்ல ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால் கணக்கு சரி. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது வருஷமாகக் கரமனையிலிருந்து பஸ் பிடித்து வந்துபோகிறவன், சில்லறைக்குக் கண்டக்டரிடம் பட்ட பாடு மறக்கவில்லை. ஆனால் பலகையை ஆட்டுகிற அந்த அரை நிமிஷத்தில் கையிலிருப்பது எவ்வளவு, போவது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அரை நிமிஷத்தை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, எட்டு நாளை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அதனால் அந்த அரை நிமிஷத்தை நானே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். பென்ஷன் விழுகிற கணக்கை மொபைலிலிருந்து கழற்றியாயிற்று. கடைகண்ணிக்கென்று தனிக் கணக்கு, அதில் ஐயாயிரத்துக்கு மேல் கிடையாது. பூட்டினாலும் திருடினாலும் அதோடு போகட்டும். புது ஆளுக்கு அனுப்புவதென்றால் முதலில் ஒரு ரூபாய். திரையில் வருகிற பெயரை வாய்விட்டுப் படித்தபிறகுதான் மீதி. கார்டு பில்லில் ‘முழுத்தொகை’ என்று தானியங்கிப் பற்று கொடுத்துவிட்டேன். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கார்டில் அணைத்து வைத்திருக்கிறேன். கணக்கில் நாம் செய்யாத கழிவு தெரிந்தால் அந்த நிமிஷமே 1930-க்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நம் தப்பில்லாமல் நடந்ததை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு நம் தலையில் விழாது என்று 2017-ல் வந்த விதி இருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து மகன் அனுப்பும்போதும் “கட்டணம் பூஜ்யம்” என்ற விளம்பரத்தை நாங்கள் பார்ப்பதில்லை. ஆயிரம் திர்ஹாம் கொடுத்தால் இங்கே எத்தனை ரூபாய் விழும் என்று மட்டும் கேட்கிறோம். கட்டணத்தை மாற்று விகிதத்துக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள்.

மைனி ஒரு பழைய வளையலை விற்றுக் கார்டுக் கடனை ஒரே கட்டாக அடைத்தார். கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தபோது அங்கேயும் இழுத்தடித்தார்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் என்று ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவைக் காட்டியபிறகு ஆறாம் நாள் மூடினார்கள். நமக்கும் விதி இருக்கிறது. ஆனால் நமக்கான விதி நாம் போய் எழுப்பினால்தான் எழுந்திருக்கும். அவர்களுக்கான விதி தூங்குவதே இல்லை.

என் முந்நூறுக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு புகார் எண் வந்தது, அதற்குப் பிறகு சத்தமில்லை. முப்பது நாள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். பேக்கரி ஜங்ஷனில் அந்த வங்கிக் கட்டடத்தைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொள்கிறேன்.

“முந்நூறு ரூபாய்க்கா இந்தப் பாடு?” என்கிறாள் வீட்டுக்காரி. 590 எடுத்தபோது “போனால் போகட்டும், சின்னத் தொகைதானே” என்று அவர்கள் விட்டார்களா?

அண்ணாச்சிக்குப் பாக்கி 360-ஐ மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டைப் புரட்டி என் பெயரின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. “இதுக்காகவா சார் பஸ் ஏறி வந்திய?” என்று கேட்டு, ஒரு கை உப்பேரியைக் காகிதத்தில் மடித்து நீட்டினார்.