காக்காவும் கானாவும்



நம் அந்தமானின் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, ஸ்பீச் தெரபிதான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாளாம். “இது டாக்டர் படிப்பா, டீச்சர் படிப்பா? எந்தக் காலேஜில் சேர்ப்பது?” என்று கேட்கிறார். இதே குழப்பம் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் மகள் டாக்டரைப் போலக் குறையைக் கண்டறிய வேண்டும். டீச்சரைப் போல ஒரே ஒலியை நூறு முறை சொல்லித் தரவும் வேண்டும். இரண்டரை வயதாகியும் பேசாத குழந்தை, திக்கிப் பேசும் மாணவன், அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளை, பக்கவாதத்தில் பேச்சிழந்த தாத்தா, சோற்றை விழுங்கத் திணறும் நோயாளி என எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. செவித்திறனும் பேச்சும் ஒரே பட்டத்தில் அடங்கும். நான்கு ஆண்டுகளில் கடைசி ஆண்டு முழுக்க நோயாளிகளோடு பெறும் பயிற்சி. அமெரிக்காவில் முதுகலை முடித்தால்தான் பேச்சுப் பயிற்சியாளராக முடியும். இங்கே இந்தப் பட்டமும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் இருந்தால் பணி செய்யலாம். அந்தப் பதிவு கட்டாயம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைகூட உண்டு. ஆகவே கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டும் இருக்கிறதா என்பதைத்தான். டி.எச்.எல்.எஸ். என்று ஓராண்டு டிப்ளமாவும் உண்டு. அது உதவியாளர் பணிக்கானது, பட்டத்துக்கு ஈடாகாது.

மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் நாட்டின் மூத்த நிறுவனங்களில் ஒன்று. மத்திய அரசின் கீழ் இயங்குவது; நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும், மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளையின் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. தீவுப் பிள்ளைகளுக்கென மெயின்லாண்டில் இடம் ஏதும் ஒதுக்கியிருக்கிறார்களா என்று நம் கல்வித் துறையிலும் ஒரு நடை விசாரித்துவிடுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதன் கிளினிக் வாசலில் அரை மணி நேரம் உட்காருங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் வருகிறார்களா? மாணவர்கள் நோயாளியோடு உட்கார்ந்து வேலை செய்கிறார்களா, சுவரோரம் நின்று குறிப்பு மட்டும் எடுக்கிறார்களா? எந்தெந்த மொழிகளில் பயிற்சி நடக்கிறது? நோயாளியின் அருகில் இருந்து பழகாமல் இந்தத் தொழில் கைக்கு வராது.

மொழியைக் குறிப்பாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியில் சாப்பாட்டுக்கு ஒரு சொல், பாட்டுக்கு வேறு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கானா’தான். நம் வீட்டுப் பிள்ளை பள்ளியில் இரண்டையும் ஒன்றாக உச்சரித்தால் அது குறையல்ல; தாய்மொழியின் வாசனை. ஆனால் ஐந்து வயதிலும் ‘காக்கா’வை ‘தாத்தா’ என்று சொல்கிற குழந்தைக்குப் பயிற்சி தேவைப்படலாம். தமிழ் அறியாதவர், ‘கானா’வில் தடுமாறும் பிள்ளையையும் குறையுள்ளதாக எண்ணிவிடக்கூடும். பல மொழி பேசியவருக்குப் பக்கவாதம் வந்தால், ஒரு மொழி முதலில் திரும்பி மற்றொன்று பின்தங்குவதும் உண்டு. அவருக்கு எந்த மொழி மீண்டது என்பதை அந்த மொழி தெரிந்தவரால்தான் கண்டுகொள்ள முடியும்.

இங்கேதான் உங்கள் மகளிடம் இருக்கும் சொத்து எனக்குத் தெரிகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நம் தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளமும் இந்தியும் தெலுங்கும் அக்கம்பக்கத்திலேயே ஒலிக்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, துறையில் தெலுங்கு என்று கேட்டு வளர்ந்த காது அவளுடையது. அந்தக் காதை எந்தக் கல்லூரியும் நான்கு ஆண்டில் கொடுத்துவிட முடியாது. நேர்முகத் தேர்வில் இதை அவள் கூச்சப்படாமல் சொல்லட்டும்.

சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். பெண்ணை அனுப்பத் தயங்கும் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அனுப்புங்கள். பேச்சுப் பயிற்சி ஒரு நாளில் முடிவதில்லை. வாரா வாரம், மாதக்கணக்கில் நடக்கும். வடக்கே டிக்லிபூரில் இருக்கும் தாயோ தெற்கே கேம்பல் பேயில் இருக்கும் தந்தையோ வாரா வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை காலம் வந்துபோவார்கள்? உங்கள் மகள் படித்துவிட்டுத் திரும்பினால், ‘காக்கா’ சொல்ல வராத ஒரு பிள்ளைக்கு அவன் மொழியிலேயே, அவன் கரையிலேயே அந்தச் சொல்லைக் கற்றுத்தர ஒருத்தி இருப்பாள்.

சேர்ந்ததும் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்